லேபிள் ஒட்டினால் பூட்டியதாகிவிடுமா?

“எங்கள் கிளைகளெல்லாம் எம்.பி.எல்.எஸ். இணைப்பில் இருக்கின்றன, வெளியாள் பார்க்கவே முடியாது” என்ற பேச்சு வங்கிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் புதிதல்ல. இந்தத் தெம்பில் பாதிதான் நியாயமானது. ஏன் என்பதை எம்.பி.எல்.எஸ். பிறந்த கதையே சொல்லும்.

சாதாரண ரவுட்டர், வரும் ஒவ்வொரு பாக்கெட்டின் (தகவல் துண்டின்) முகவரியையும் நீண்ட பட்டியலில் தேடி வழி சொல்லும். 1990களின் நடுவில் இந்தத் தேடலே பெரும் சுமை. 1996இல் இப்சிலான் என்ற சிறு நிறுவனமும் சிஸ்கோவும் ஆளுக்கொரு குறுக்குவழி காட்டின. சிஸ்கோவின் வழியில், பாக்கெட் வலையமைப்புக்குள் நுழையும்போதே அதற்கு ஓர் எண் கொண்ட லேபிள் ஒட்டப்படும். நடுவிலுள்ள ரவுட்டர்கள் முகவரியைத் தொடாமல், அந்த எண்ணை மட்டும் பார்த்து, வேறு எண்ணாக மாற்றி அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். இத்தகைய முயற்சிகளிலிருந்து 2001 ஜனவரியில் எம்.பி.எல்.எஸ். என்ற பொதுத் தரம் வந்தது. லேபிளின் மொத்த அளவு 32 பிட். அதில் எண்ணுக்கு 20 பிட்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குள் முகவரித் தேடலையே மின்னல் வேகத்தில் முடிக்கும் சில்லுகள் வந்துவிட்டன. வேகத்துக்காக வந்த லேபிள், வேறு வேலைக்காக நிலைத்தது.

அந்த வேலை, ஒரே கம்பியில் பல வாடிக்கையாளர்களைக் கலக்காமல் கொண்டுசெல்வது. சிஸ்கோவின் எரிக் ரோசனும் யாகோவ் ரெக்டரும் 1999இல் வெளியிட்ட முறைப்படி, பாக்கெட்டின் மேல் இரண்டு லேபிள்கள் இருக்கும். வெளி லேபிள் எந்த வாசலில் இறங்குவது என்று சொல்லும். உள் லேபிள் அங்கே யாருடைய சரக்கு என்று சொல்லும். இரண்டு வங்கிகள் 10.0.0.1 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தாலும் குழப்பமில்லை. நடு ரவுட்டர்களுக்கு வாடிக்கையாளர் யாரென்றே தெரிய வேண்டியதில்லை. அருமையான ஏற்பாடுதான்.

ஆனால், உள்ளே இருக்கும் தகவலை லேபிள் மறைப்பதில்லை. பின்கோடு சரியாக எழுதிய அஞ்சலட்டை தவறாமல் போய்ச்சேரும். வழியில் எவரும் படிக்கலாம். சேவை நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ரவுட்டர் அமைப்பில் ஓர் எண்ணைத் தவறாக இட்டால், ஒருவர் வலையமைப்பு மற்றவருடையதோடு இணைந்துவிடவும் கூடும். தனி இணைப்பு என்ற நம்பிக்கை எப்படி உடையும் என்பதை 2013 அக்டோபரில் உலகம் பார்த்தது: கூகுள், யாகூ தரவு மையங்களுக்கு இடையிலான தனி இணைப்புகளிலேயே அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டதை, அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடெனின் ஆவணங்கள் காட்டின. அங்கே ஓடிய தகவலுக்குக் குறியாக்கம் இருக்கவில்லை.

ஆகவே டெண்டரில் இந்தத் தனி இணைப்பின் பெயரான ‘எம்.பி.எல்.எஸ். வி.பி.என்.’ என்று எழுதுவதோடு நிறுத்தக் கூடாது. பாக்கெட்டின் உள்ளடக்கத்தையே மறைக்கும் ஐபிசெக் குறியாக்கத்தையும் கட்டாயமாக்க வேண்டும். அதன் சாவி இணைப்பை விற்பவரிடம் இல்லாமல் வாங்கும் அலுவலகத்திடமே இருக்க வேண்டும். குறியாக்கத்தால் பாக்கெட் பருக்கும் என்பதும், கிளையிலுள்ள பழைய ரவுட்டர் பெட்டிகள் திணறும் என்பதும் உண்மைதான். எந்தக் கிளையில் பெட்டியை மாற்ற வேண்டும் என்பதை ஒப்பந்தம் போடுமுன்பே சோதித்துப் பட்டியலிட்டுவிடலாம்.