கடைசிப் பந்தி

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இந்த அறிவுரையை ஒரு பெண்ணிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. பந்திக்கு முந்தியவள் என்று ஒருத்தியைச் சொன்னால் அது வசவு.

ஆனால், பந்தி போயிற்றே என்ற ஒப்பாரியை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடும் பஃபே பிச்சைக்குச் சமமாம்; இலை போட்டு உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்துப் பரிமாறியதுதான் தமிழ்ப் பண்பாடாம். மேடையில் இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பரிமாறியவர்கள் எப்போது, எதைச் சாப்பிட்டார்கள் என்று அவர்கள் சொல்வதேயில்லை.

சமபந்தி என்றொரு சொல் நம்மிடம் இருக்கிறது. பந்தி சமமாக இருந்திருந்தால் அப்படியொரு சொல்லுக்குத் தேவையே வந்திருக்காது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறியதை எதிர்த்து 1920களில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடியதைப் படித்திருப்பீர்கள். அந்தப் பந்தியாவது விவாதத்துக்கு வந்தது. வீட்டுக்குள் இருந்த வரிசை வரவேயில்லை. விருந்தாளி, அப்பா, அண்ணன், பிள்ளைகள், எல்லோரும் கை கழுவிய பிறகு கரண்டி பிடித்தவள். முதலாமாண்டு மாணவிகளிடம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கேள்வி கேட்பேன்: நேற்றிரவு உங்கள் அம்மா எத்தனை தோசை சாப்பிட்டார்? அப்பாவின் கணக்கை உடனே சொல்கிறார்கள். அம்மாவின் கணக்கு வரும்போது வகுப்பு அமைதியாகிவிடுகிறது.

இந்த நினைப்போடுதான் டொராண்டோ போயிருந்தேன். ஒரு கவிதை வாசிப்புக்குப் பிறகு, ஈழத்தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவில் ஒரு சீன பஃபே உணவகத்துக்கு எங்களை அழைத்துப் போனார்கள். ஆளுக்கு ஒரே கட்டணம். எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆவி பறக்கும் தட்டங்களில் சௌமின், பொரித்த வாண்டன், இனிப்பும் புளிப்பும் பூசிய கோழி. ஓரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சுஷி. உடன் வந்த மூத்த கவிஞர் ஒருவர், "கையேந்தி பவன்" என்று முகம் சுளித்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கெல்லாம் பாதிக் காசுதான் வாங்கணும், கொறிக்கத்தானே போறீங்க" என்றார். கையேந்தும் இழிவு தனக்கு நேராதபடி அவர் பார்த்துக்கொண்டார். நாற்காலியை விட்டு எழவேயில்லை. இரண்டு முறையும் அவருடைய மனைவிதான் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தார்.

எங்களை அழைத்துப்போனவர் என்னைவிட இளையவர். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் போனவர். மூன்றாவது தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இப்பிடி ஒரு இடத்திலதான் அக்கா நான் மூண்டு வருசம் கோப்பை கழுவினனான். இப்ப காசு குடுத்துச் சாப்பிடுறன். என்ர கோப்பையை ஒருத்தரும் எண்ணத் தேவையில்லை." அவர்கள் தமிழில் கோப்பை என்றால் தட்டு.

பஃபே ஒன்றும் புரட்சிக்கூடமில்லை. மலிவான சோற்றையும் நூடுல்ஸையும் தாராளமாக வைத்து வயிற்றை அடைப்பது அந்த வணிகத்தின் தந்திரம். சுஷி உருளையில் மீனைவிடச் சோறே அதிகம். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாதா? பின்கட்டின் ஈரத்தில் நின்றவர் அவர். தெரிந்தும் வருகிறார். எடுத்துப் போட்டுக்கொள்ளும் கரண்டி அங்கே அவர் கையில் இருக்கிறது. யார் சாப்பிட்டு முடிப்பதற்காகவும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை.

கனடாவில் சீன உணவகத்துக்கும் பெண்ணுக்கும் நடுவே சட்டமே நின்றிருக்கிறது. சீனர்களின் உணவகங்களிலும் சலவைக்கடைகளிலும் வெள்ளைப் பெண்கள் வேலை செய்யக் கூடாதென்று 1912இல் சஸ்காட்செவன் மாகாணம் சட்டம் இயற்றியது. மூஸ் ஜாவில் உணவகம் நடத்திய குவாங் விங், இரண்டு வெள்ளைப் பெண்களைப் பரிமாற வைத்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். 1914இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. சொல்லப்பட்ட காரணம், பெண்களின் பாதுகாப்பு. சீனப் பெண்கள்? சீனாவிலிருந்து வருபவருக்கு 1903 முதல் தலைக்கு 500 டாலர் வரி. 1923 முதல் 1947 வரை ஏறக்குறைய முழுத்தடை. மனைவிமார் கடலுக்கு அப்பால் காத்திருக்க, ஆண்கள் இங்கே அந்நியருக்குச் சமைத்தார்கள். ஒருத்தியைக் காப்பதாகச் சொல்லி வேலையைப் பறித்தார்கள். இன்னொருத்தியை வரவே விடவில்லை. இருவரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

சுஷியின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். பெண்களின் கை சூடு, மீன் கெட்டுவிடும் என்று ஜப்பானில் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். புகழ்பெற்ற சுஷிக் கலைஞர் ஜிரோ ஓனோவின் மகன் யோஷிகாசு, 2011இல் ஒரு பேட்டியில் வேறு காரணம் சொன்னார்: மாதவிடாயால் பெண்களின் நாக்குச் சுவை நிலையாக இருக்காதாம். ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, பூசணம் பிடித்துவிடும் என்று என்னை விரட்டிய பெரியம்மாவுக்கும் டோக்கியோவின் அந்த நிபுணருக்கும் ஒரே விஞ்ஞானம்! அவர் அப்படிச் சொல்வதற்கு ஓராண்டு முன்பே, 2010இல், அதே டோக்கியோவின் அகிஹபாராவில் பெண்களே சுஷி செய்யும் நடெஷிகோ உணவகம் திறந்துவிட்டது. மீன் கெட்டுப்போகவில்லை.

கவனியுங்கள், வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறபோது இந்தக் கையின் சூட்டை யாரும் அளப்பதில்லை. சம்பளமும் பெயரும் கிடைக்கிற மேசைக்கு அது நகரும்போதுதான் வெப்பமானியைத் தேடுகிறார்கள்.

எங்கள் துறையின் ஆண்டு விழாவில் வாழையிலை விருந்து உண்டு. பட்டுப்புடவை கட்டிய மாணவிகள் குனிந்து குனிந்து பரிமாறுவார்கள். மாணவர்கள் விருந்தினரோடு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று மணிக்கு மாணவிகள் உட்காரும்போது வடை தீர்ந்திருக்கும், பாயசத்தில் தண்ணீர் சேர்ந்திருக்கும். இந்த ஆண்டு பஃபே வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னேன். "சிறப்பு விருந்தினரைத் தட்டேந்த வைக்கிறதா மேடம்?" என்று அதிர்ந்தார் சக பேராசிரியர் ஒருவர். தட்டு வாசலுக்கு இடதுபுறம் அடுக்கியிருக்கும், துடைத்துத்தான் வைத்திருப்பார்கள் என்றேன்.