கையெழுத்துப் போடுமுன் அந்தப் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தீர்களா?

வண்டன்மேட்டுப் பெற்றோரே, போன பி.டி.ஏ. கூட்டம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு மனு கைக்குக் கை போனது. போர், அகதி, முகாம் என்று வரும் கதைப்புத்தகங்களைப் பள்ளி நூலகத்திலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதாம். பிள்ளை ராத்திரி தூங்க மாட்டேன் என்கிறது, பாடத்தில் கவனம் போகிறது என்று காரணம் எழுதியிருந்தது. என்ன புத்தகம், யார் எழுதியது, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பேனா மட்டும் கேட்டு வாங்கினீர்கள்.

கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். மனுவுக்குக் காரணமான புத்தகங்களில் ஒன்று கனடா எழுத்தாளர் டெபோரா எல்லிஸ் 2000-இல் எழுதிய ‘தி பிரெட்வின்னர்’. தாலிபான் ஆட்சியில் காபூல் நகரத்தில் பர்வானா என்ற பதினொரு வயதுப் பெண். அப்பாவைச் சிறைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். பெண்கள் தனியாகத் தெருவில் இறங்க முடியாது. வீட்டில் அரிசி இல்லை. இறந்துபோன அண்ணனின் சட்டையை மாட்டி, முடியை வெட்டிக்கொண்டு, ஆண்பிள்ளையாகச் சந்தைக்குப் போய் உட்காருகிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துச் சொல்லிக் காசு வாங்குகிறாள். கூலி போதாதபோது தோழியோடு இடுகாட்டில் எலும்பு தோண்டி விற்கிறாள். நம் பிள்ளைகளைத் தூங்கவிடாத இடம் இதுதான் என்று தெரிகிறது. தூங்கவிடாமல் செய்வதில் ஆச்சரியம் இல்லை. பாகிஸ்தான் முகாம்களில் இருந்த ஆப்கன் பெண்களிடம் நேரில் உட்கார்ந்து கேட்ட பிறகு எல்லிஸ் எழுதிய கதை இது.

இன்னொன்று ஜூடித் கெர் 1971-இல் எழுதியது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வரும்போது பெர்லினிலிருந்து குடும்பத்தோடு தப்பித்த ஒன்பது வயதுச் சிறுமி அவர். கதையில் அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு பொம்மைதான் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். புதிதாக வந்த நாய்ப்பொம்மையை எடுத்துக்கொள்கிறாள். இளஞ்சிவப்பு முயலை விட்டுவிட்டுப் போகிறாள். சீக்கிரமே திரும்பிவிடுவோம் என்றுதான் நினைக்கிறாள். புத்தகம் முழுக்க ஒரு துப்பாக்கிச் சத்தம் கிடையாது. இதையும் சேர்த்துத்தான் மனுவில் எழுதியிருக்கிறீர்கள். அதே பிள்ளைகள் போனில் விடிய விடியத் துப்பாக்கி விளையாட்டு விளையாடும்போது சார்ஜரை நாம்தான் எடுத்துக் கொடுக்கிறோம்.

‘நமக்கு எதுக்கு இந்த ஊர் பேர் தெரியாத கதையெல்லாம்’ என்றார் ஒரு அண்ணன். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2011 டிசம்பரை எப்படி அண்ணே மறந்தோம்? முல்லைப்பெரியாறு அணைப் பிரச்சினை முற்றி, குமுளியில் பஸ் நின்று, கம்பத்திலிருந்து வேலைக்கு வரும் ஜீப்புகள் ஏறாமல் போன நாட்கள் அவை. ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த நம் ஆட்கள் அடி வாங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் மூட்டையைத் தலையில் வைத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து, காட்டுப் பாதை வழியாகத் தேனிப் பக்கம் இறங்கினார்கள். ஏலக்காய் ஸ்டோரில் குடும்பம் குடும்பமாக மறைத்து வைத்துக் கஞ்சி ஊற்றிய மலையாளி வீட்டாரும் இதே ஊரில் இருந்தார்கள். அது போர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருட்டில் அம்மா வாயைப் பொத்த, அழாமல் நடந்த பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. அன்று இடுப்பில் இருந்த பிள்ளைகள்தான் வளர்ந்து இந்தப் புத்தகங்களைப் படிக்கும் வயதுக்கு வந்தார்கள். அந்த ராத்திரியைப் பற்றி அவர்களிடம் யாராவது பேசினோமா?

அதற்கும் முன்னால் போங்கள். வண்டிப்பெரியாறு தாண்டி கவியில் ஏலக்காய் எடுக்கிறவர்கள் யார்? கேரள வனவளர்ச்சிக் கழகத் தோட்டத்தில் எழுபதுகளில் குடியமர்த்தப்பட்ட இலங்கை மலையகத் தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட உடன்படிக்கையில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. இவர்களுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளும் அதோடு சேர்த்தி. பிள்ளைகளுக்கென்று தனி எண்கூடக் கிடையாது. பிறந்த லயத்தை விட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்ற எட்டு வயதுப் பிள்ளை என்ன நினைத்தது என்பது எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. கதை எழுதுகிறவன் எழுதினால்தான் உண்டு.

பிறகு இலங்கையில் 1983 ஜூலைக் கலவரம் வந்தது. இருபத்தாறு வருஷம் படகுகள் ராமேசுவரம் கரைக்கு வந்துகொண்டிருந்தன. கம்பம்மெட்டு இறங்கிக் கம்பம் தாண்டினால் உத்தமபாளையத்தில் முகாம் இருக்கிறது. அகதி முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று 2021-இல் தமிழக அரசு மாற்றியது. சந்தைக்கும் கல்யாணத்துக்கும் நாம் போய்வருகிற பாதைதானே அது? பதின்வயதில் கடல் கடந்து வந்து முகாமில் வளர்ந்த தொ. பத்தினாதன் ‘போரின் மறுபக்கம்’ என்று தன் கதையைத் தமிழிலேயே எழுதியிருக்கிறார். பிளஸ் ஒன் பிள்ளை தாராளமாகப் படிக்கலாம். நம் பள்ளி நூலகத்தில் இல்லை, வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனு போடுவதென்றால் அதற்குப் போடுங்கள்.

உங்கள் பயம் முழுக்கத் தப்பென்று நான் சொல்லவில்லை. நாலாம் வகுப்புப் பிள்ளை கையில் பர்வானாவைக் கொடுத்துவிட்டு நாம் சீரியல் பார்க்கப் போவது சரியில்லை. வயசு பார்த்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் உட்கார வேண்டும். அழுதால் அழட்டும் என்று விட வேண்டும். பிள்ளை கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் நமக்குக் கஷ்டம் என்று நினைக்கிறேன். ‘தாத்தா ஏன் இலங்கையை விட்டு வந்தார்?’ என்று பிள்ளை கேட்டால், ‘நாம ஏன் அந்த வருஷம் ராத்திரியோட ராத்திரியா கீழே இறங்கினோம்?’ என்று கேட்டால் என்ன சொல்வது என்று நமக்கே தெரியாது. அதை மறைக்கப் பிள்ளையின் தூக்கத்தைக் காரணம் காட்டாதீர்கள், அக்கா. 2024 முடியும்போது உலகத்தில் வீடு விட்டுத் துரத்தப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல் என்று ஐ.நா. அகதிகள் அமைப்பு கணக்குச் சொன்னது. ஐந்தில் இரண்டு பேர் பிள்ளைகள். அவர்களில் ஒரு பிள்ளை நாளைக்கு நம் வகுப்பறைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால் நம் பிள்ளை நகர்ந்து இடம் கொடுக்குமா, மூட்டையைப் பார்த்துச் சிரிக்குமா? பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறதா, சொல்லுங்கள்.

பி.என். பணிக்கர் நினைவாக வருஷா வருஷம் ஜூன் 19-இல் வாசிப்பு நாள் கொண்டாடுகிற மாநிலம் இது. அன்றைக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி உறுதிமொழி சொல்லவைத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். மறுநாள் அலமாரியில் எந்தப் புத்தகத்தைப் பூட்டலாம் என்று மனு எழுதுகிறோம்.

மனு இன்னும் தலைமையாசிரியர் மேசைக்குப் போகவில்லை, பி.டி.ஏ. செயலாளரிடம்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வந்து பெயரை அடித்துவிடலாம். இரண்டு புத்தகத்தையும் நூலகத்தில் என் பெயரில் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிப் போங்கள். ஆங்கிலம் வராது என்றால் பிள்ளையை அழைத்துக்கொண்டு வாருங்கள், அவர்கள் படித்துச் சொல்லட்டும், நீங்கள் கேளுங்கள்.