காப்பகத்தின் வேலை வாசலிலேயே தொடங்குகிறது

பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பின்னால் உள்ள அச்சம் நியாயமானது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால், காப்பகம் என்றாலே எத்தனை கூண்டு, எவ்வளவு இடம், மாதம் என்ன செலவு என்று மட்டுமே கேட்பது வழக்கமாகிவிட்டால் அதன் பாதி வேலையை நாம் மறந்துவிடுவோம். விலங்கையும் அதை நேசிக்கும் மனிதரையும் பிரியாமல் காப்பதுதான் அந்தப் பாதி.

ஒரு காப்பகத்தின் புறநோயாளர் பகுதியில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் இது புரியும். ஆட்டோவின் பின்சீட்டில் சாக்கு விரித்து, வண்டி ஏறி அடிபட்ட தெருநாயைக் கிடத்திக்கொண்டு ஓட்டுநரே வருகிறார். உண்ணிக் காய்ச்சலில் துவண்ட நாட்டு நாயைத் தோளில் போட்டபடி பள்ளிச் சீருடையில் ஒரு சிறுவன் நிற்கிறான். பூனையைக் கட்டைப்பையில் வைத்து, அதன் தலை மட்டும் தெரியும்படி பிடித்திருக்கிறார் ஒரு மூதாட்டி. இவர்களில் யாரும் விலங்கை விட்டுவிட்டுப் போக வரவில்லை. தனியார் கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ் என்று ஏறும் கட்டணம் கையை மீறிப் போவதால் வருகிறார்கள். அந்த வாசலில் மருந்து கிடைத்தால் மாலையில் மூவரும் தங்கள் ஜீவனோடு வீடு திரும்புவார்கள். கிடைக்காவிட்டால் அந்த உயிர் தெருவுக்குப் போகும், அல்லது வலியோடு மூலையில் கிடக்கும்.

சென்னைக்கு இதில் நல்ல மரபு உண்டு. 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தம் குடும்பத்தாரோடு தொடங்கிய புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பு, தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து விடும் முறையை 1960-களிலேயே முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 வரை ஆனது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாநகராட்சியும் செல்லப் பிராணிகளுக்கெனச் சிகிச்சை மையங்களை நடத்துகிறது. அடித்தளம் இருக்கிறது, அதன்மேல் கட்டாமல் விட்டிருக்கிறோம்.

வளர்த்த நாயைக் காப்பகத்தில் கொண்டுவந்து விடுபவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று திட்டுவது எளிது. வாங்கும்போது விளையாட்டுப் பொம்மையாக நினைத்து, வளர்ந்ததும் அலுத்துப்போய் விடுபவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி, நாயை ஏற்கும் வேறு வீடு கிடைக்காமல் வருபவர்களும் இருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர் மருத்துவமனையில் படுத்துவிட, அவருடைய பூனைக்கு ஆளில்லாமல் போகிறது. குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளுக்குத் தடை விதிக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாதாமாதம் வாடகை கொடுத்து இருப்பவர் அந்தக் காகிதத்தைக் காட்டி எத்தனை நாள் மல்லுக்கு நிற்க முடியும்?

அப்படி விடப்பட்ட நாய் படும் பாட்டைக் காப்பகப் பணியாளர்கள் நன்கறிவார்கள். வைத்த சோறு வைத்தபடி இருக்க, அது வாசல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும். குட்டிகளின் நிலை இன்னும் மோசம். பார்வோ வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. தடுப்பூசி முடியாத குட்டியை, நல்லெண்ணத்தோடுதான், நெரிசலான காப்பகத்தில் சேர்த்தால் ரத்தக் கழிச்சலில் சில நாட்களிலேயே அது போய்விடலாம். எவ்வளவு அன்பாக நடத்தப்பட்டாலும் காப்பகம் வீட்டுக்கு ஈடாகாது. அதனால்தான் தத்துக் கொடுப்பதையும், சில வாரங்களுக்கு வீடுகளில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் காப்பகத்தின் முதல் வேலையாகக் கருத வேண்டும் என்கிறேன்.

லண்டன் இந்தப் பாடத்தை முன்பே கற்றது. மேரி டீல்பி 1860-இல் அங்கே தொடங்கிய நாய்கள் இல்லம்தான் பிறகு பாட்டர்சீ காப்பகமாக வளர்ந்தது. ஆனால் மரியா டிக்கின் 1917-இல் வேறு வழியில் போனார். ஏழைகள் நிறைந்த ஒயிட்சேப்பலில், அவர்கள் வளர்த்த விலங்குகளுக்கு இலவச மருத்துவமனை திறந்தார். அவர் தொட்டது வறுமையையும் நோயையும் ஒருசேர. பிற்காலத்தில், வீட்டு வன்முறையிலிருந்து தப்பி ஓடும் பெண்களின் நாய்களைத் தற்காலிகமாக வளர்ப்பு வீடுகளில் வைத்துப் பாதுகாக்கும் திட்டத்தை டாக்ஸ் டிரஸ்ட் அமைப்பு கொண்டுவந்தது. நாயை விட்டுப் போனால் கொடுமைப்படுத்துபவன் அதை என்ன செய்வானோ என்ற பயத்திலேயே அடி வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிற பெண்கள் உண்டு. அங்கே நாய்க்கு இடம் கொடுப்பது ஒரு பெண்ணின் உயிரைக் காப்பதும்தான்.

அமெரிக்காவுக்கு இது புரிய ஒரு பேரழிவு வேண்டியிருந்தது. 2005-இல் காத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நிவாரண முகாம்களிலும் மீட்புப் பேருந்துகளிலும் பெரும்பாலும் செல்லப் பிராணிகளுக்கு அனுமதியில்லை. அவற்றை விட்டு வர மனமில்லாமல் பலர் வெள்ளத்திலேயே தங்கினார்கள். லூசியானாவின் கான்சாலஸ் நகரக் கண்காட்சித் திடல் ஆயிரக்கணக்கான விலங்குகளுக்கு அவசரக் காப்பகமானது. மறு ஆண்டே, மத்திய அரசின் பேரிடர் நிதி பெறும் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் செல்லப் பிராணிகளைச் சேர்க்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நிவாரண முகாம் பட்டியல் தயாராகும்போதே, எந்தெந்த முகாம்களில் நாய், பூனைகளோடு வருபவர்களுக்குத் தனி அறை ஒதுக்கப்படும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். மாநகராட்சியின் செல்லப் பிராணி மையங்கள் ஒவ்வொன்றிலும், உரிமையாளர் மருத்துவமனையில் இருக்கும் வரை அவருடைய விலங்கைப் பார்த்துக்கொள்ளச் சில தற்காலிக இடங்கள் வேண்டும்; அதைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தலாம். அப்படியொரு வசதி இருப்பது தெரியாமலே பலர் தவிக்கக்கூடும் என்பதால், அரசு மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சேருபவர் தனியாக வாழ்பவர் என்றால், வீட்டில் விலங்கு ஏதும் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியைச் சேர்க்கைப் படிவத்தில் சேர்த்துவிடலாம். அதற்கு ஒரு வரி இடம் போதும்.