‘நான்’ போட்டால் நம்பிக்கை வந்துவிடுமா?

தன்மையில் எழுதினால்தான் கதைசொல்லியின் குரலை வாசகர் நம்புவார் என்கிறார் ஒரு கட்டுரையாளர். அப்படியானால் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை என்ன செய்வது? புதுமைப்பித்தன் அதைப் படர்க்கையில்தான் எழுதினார். சென்னைத் தெருவில் கடவுள் வந்து நிற்கிறார், நாம் நம்பிவிடுகிறோம். காரணம், அவர் வருவதற்கு முன்பே டிராம் வண்டியா பஸ்ஸா, வெற்றிலையா காப்பியா என்ற பிள்ளையின் அணாக் கணக்குக்குள் கதைசொல்லி நம்மை இழுத்துவிடுகிறார். அப்புறம் கடவுளைக் கண்டும் கதைசொல்லியின் குரல் உயர்வதில்லை. கடவுளிடமே சித்த வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கப்படுகிறது! அந்த நக்கல் முதல் வரியிலிருந்து கடைசிவரை ஒரே சுருதியில் ஓடுகிறது. கட்டுரையாளர் மெச்சும் ‘நான்’ கதைகளிலோ (பெயர் வேண்டாம்) பத்து வயதுச் சிறுவன் பேராசிரியரைப் போலப் பேசுகிறான். அவனை யார் நம்புவது?