பூட்டிய குரூப்

எங்கள் மாவட்ட வரி ஆலோசகர்கள் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குரூப் உண்டு, ஃபேஸ்புக் பக்கம் உண்டு, பெயருக்கு ஒரு யூடியூப் சேனலும் உண்டு. ஆனால் தொழிலில் தடுமாறி நிற்கும் உறுப்பினருக்கு இவை எதுவும் கைகொடுத்ததில்லை. நிர்வாகக் குழுவில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும் இதற்குப் பொறுப்பு.

ஃபேஸ்புக்கில் போட்டதெல்லாம் பதவியேற்பு விழாவும் சால்வையும் குத்துவிளக்கும்தான். குரூப்பில் காலை வணக்கமும் வாழ்த்தும். ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாளான ஒரு 20ஆம் தேதி இரவு, தாலுகா ஊரிலிருந்து ஓர் இளம் உறுப்பினர், "ஓடிபி வரலை சார், வேற யாருக்காவது வருதா?" என்று ஸ்கிரீன்ஷாட்டோடு கேட்டிருந்தார். அதன் கீழே நிர்வாகி ஒருவருக்குத் திருமண நாள் வாழ்த்துகள் வரிசையாக வந்தன. அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவரும் பதில் எழுதவில்லை.

தேவையில்லாத பதிவுகள் பெருகிவிட்டன என்று சொல்லி, பிறகு அட்மின்கள் மட்டுமே எழுதும்படி குரூப்பைப் பூட்டினோம். அதோடு கேள்விகளும் நின்றுபோயின. கேள்வி வராததைப் பார்த்து எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நினைத்துக்கொண்டோம்.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் உறுப்பினர்களும் அவர்களை நம்பிய வியாபாரிகளும். ஜிஎஸ்டி நோட்டீஸ்கள் பல, போர்ட்டலில் வழக்கமாகப் பார்க்கும் இடத்தில் வராமல், 'யூசர் சர்வீசஸ்' மெனுவுக்குள் 'அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்' என்ற பகுதியில் ஏற்றப்பட்டன. அங்கே போய்ப் பார்க்காதவர்கள் பதில் அனுப்பவில்லை. ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், கேட்ட வரியில் 10 சதவீதம் கட்டிய பிறகே மறுவிசாரணை பெற்றவர்கள் 2024இல் ஏராளம். எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று காட்டும் ஒரு நிமிட வீடியோவைத் தமிழில் எடுத்துப் போட எங்களால் முடிந்திருக்கும்.

ஜிஎஸ்டி சட்டத்தின் 128ஏ பிரிவு விஷயத்தில் செய்தது இன்னும் மோசம். 2017-18 முதல் 2019-20 வரையான மூன்று ஆண்டுகளுக்கு, 73ஆம் பிரிவின் கீழ் கேட்கப்பட்ட வரியை 2025 மார்ச் 31க்குள் முழுதாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று இருந்தது. மாவட்டத் தலைநகரில் மாலை நேரக் கருத்தரங்கு வைத்தோம். நல்ல பேச்சு. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க்காரர்கள் வரவில்லை. அவர்களுக்காகப் பதிவு செய்து சேனலில் ஏற்றவும் இல்லை. கெடு முடிந்த பிறகு ஒருவர் போனில், "அப்படி ஒரு சலுகை இருந்துச்சாண்ணே?" என்று கேட்டார். அவர் கையில் இருந்தது ஒரு மளிகைக் கடைக்காரரின் ஃபைல். தவறாமல் சந்தா கட்டுகிற உறுப்பினர் அவர்.

இளையவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் குறைப்பட்டோம். அவர்கள் வேறு மாநிலத்தவர் நடத்தும் டெலிகிராம் குழுக்களில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்கள். விற்பனை வரிக் காலத்திலிருந்து தொழில் செய்யும் மூத்தவர்கள் நம் சங்கத்திலேயே இருக்க, அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பியது நாங்கள்தான்.

வரும் பொதுக்குழுவில் தீர்மானம் வைக்கிறோம். கேள்விகளுக்கென்று தனிக் குரூப், யாரும் எழுதலாம். தாக்கலுக்குக் கடைசி நாட்களான 11, 20 தேதிகளில் இரவு வரை பதில் சொல்ல இருவர் முறை வைத்து இருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட்டில் கிளையன்டின் பெயரையும் ஜிஎஸ்டி எண்ணையும் மறைத்துத்தான் போட வேண்டும். கருத்தரங்குகள் பதிவாகி, சிறு துண்டுகளாகச் சேனலில் ஏறும். அந்தச் சேனலின் பாஸ்வேர்டு முந்தைய நிர்வாகத்தோடு போய்விட்டது. முதலில் அதைக் கேட்டு வாங்குகிறோம்.