கடனும் சுதந்திரமும்

அடிமைத்தனம் ஒழிந்துவிட்டது என்று நாம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். 1843-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், இன்னார் என் அடிமை என்று எவரும் நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியாமற் போயிற்று. ஆயினும், மனிதனை விலைக்கு வாங்க இயலாதவர்கள் கடன் கொடுத்துக் கட்டிப்போட்டனர். தந்தை பட்ட கடனுக்கு மகன் பண்ணையில் உழைத்தான், கடனோ தீரவில்லை.

ஸ்ரீமுஷ்ணத்திற்குக் கிழக்கேயுள்ள சிதம்பரத்தைத் தரிசிக்க விழைந்த நந்தனாரின் கதையை நம்மில் அறியாதார் இலர். கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றிய சரித்திரத்தில், நந்தனாரைத் தடுத்தது வழியின் தூரமன்று; பண்ணையாரின் உத்தரவே.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்நிலையைத் தெளிவாக வரையறுத்தது. வாங்கிய முன்பணத்திற்காக, வேறு வேலை தேடும் உரிமையையோ, விரும்பிய இடம் செல்லும் உரிமையையோ, தம் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையையோ இழந்தவர் கொத்தடிமையே. அக்கடனைத் திருப்பித் தரவேண்டியதில்லை. அம்முறையில் வேலை வாங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

இம்மூன்றில் கடைசி உரிமையை நம் நெசவாளர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நூலுக்கும் கோரைக்கும் முன்பணம் பெற்று, நெய்த துணியையும் பாயையும் பணம் கொடுத்தவர் சொன்ன விலைக்கே தர வேண்டியவர், சொந்தத் தறி வைத்திருந்தாலும் சுதந்திரமுடையவர் அல்லர்.

சட்டம் பழைய கடனை அழிக்கும். மகளின் பிரசவச் செலவுக்கு நாளை பணம் தராது. அன்று ஏழை மீண்டும் அதே வாசலில்தான் நிற்பார். வேறொரு வாசலைத் திறப்பதற்கே 1904-இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயிகளின் கடன் சங்கம் தோன்றியது.

நிலமும் நகையும் காட்டுவோருக்கு மட்டும் கடன் வழங்கும் சங்கம், அவை இல்லாதவரை முன்பணக்காரரிடமே அனுப்பி வைக்கிறது. ஆகவே, கூலியாட்களுக்கும் பாய் நெய்யும் பெண்களுக்கும் இரு அங்கத்தினர்களின் ஜாமீனில் விரைவாகச் சிறுகடன் வழங்க, ஒவ்வொரு சங்கமும் ஒரு தொகையை ஒதுக்கவேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கொடுத்த கடன் வருமா என்று சிலர் ஐயுறலாம். தம் பொருளை நல்ல விலைக்கு விற்கும் சுதந்திரம் உள்ளவரிடமிருந்தே கடன் ஒழுங்காகத் திரும்பும். சங்கம் திருப்பிக் கேட்பது பணத்தை, ஆளை அன்று.