அந்தச் சிவப்புக் கயிற்றை எஞ்சினில் முடியாதீர்கள், உங்களில் கட்டுங்கள்



வகுப்பில் படகுகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எஞ்சினில் தொங்கும் சிவப்புச் சுருள் கயிறு எதுக்கு?" என்று பிள்ளைகளிடம் கேட்டோம். ஒரு மாணவன் எழுந்து, "தெரியா சேர். தொலையாம இருக்க வாப்பா எஞ்சினோடயே முடிஞ்சி வெச்சிருக்காரு" என்றான். இன்னும் நாலைந்து பேர் "எங்கட போட்லயும் அப்படித்தான்" என்றார்கள். அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கயிறு எஞ்சினுக்குரியது அல்ல, ஓட்டுபவருக்குரியது. ஒரு நுனியிலுள்ள கிளிப் ஸ்டொப் சுவிச்சில் இருக்கும். மறுநுனி நம் உடலில் இருக்க வேண்டும். அலையில் தூக்கி எறியப்பட்டால் கிளிப் கழன்று எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும்.

கயிறு கட்டாவிட்டால் என்ன நடக்கும்? கை விட்டதும் எஞ்சினின் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். எவ்வளவு நல்ல நீச்சல்காரனும் சுழலும் விசிறிக்கு முன்னால் ஒன்றுமில்லை. 2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ கரையோரம் ஒரு குடும்பமே வேகப்படகிலிருந்து கடலில் விழுந்தது. வட்டமடித்த படகு மோதித் தகப்பனும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். கயிறு படகில் இருந்தது, ஓட்டியவர் உடலில் இருக்கவில்லை. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல் 26 அடிக்குக் குறைந்த பொழுதுபோக்கு எஞ்சின் படகுகளுக்கு இது சட்டம். நம் பைபர் படகுகளும் அந்த அளவுக்குள்தான்.

"வலை வேலைக்கு இடைஞ்சல், சும்மா சும்மா எஞ்சின் நின்றுபோகும்" என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் வலை இழுக்கும் நேரம் கழற்றி வைக்கலாம். படகு ஓடும் நேரத்தில்தான் அது உடலில் இருக்க வேண்டும்.

எங்கே கட்டுவது? மணிக்கட்டு சுலபம், ஆனால் ஈரக் கையில் தளர்ந்திருந்தால் உருவிக்கொண்டு போய்விடும். முழங்காலுக்கு மேலே தொடையைச் சுற்றிக் கட்டுவது நல்லது. உயிர்காப்பு அங்கியின் உறுதியான வளையத்திலும் மாட்டலாம். சாரத்திலோ சட்டைப் பொத்தானிலோ மாட்டினால் துணி கிழியும், கிளிப் கழராது. பனிச்சுவர் ஏறுகிறவர்களுக்கும் இதே கேள்வி இருந்தது. கோடாரியை மணிக்கட்டில் கட்டிவந்த அவர்களில் பலர், கை கட்டுண்டு கிடக்கிறதென்று அந்த வாரை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்கள். இடைஞ்சல் என்றால் கட்டும் இடத்தை மாற்றலாம்.

வாங்கும்போது உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் கிளிப்தானா என்று பாருங்கள். வெயிலில் வெடித்த, சுருள் தளர்ந்த கயிற்றை மாற்றுங்கள். கரையிலிருந்து கிளம்பு முன் ஒருமுறை இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். படகில் இன்னொரு கிளிப் கட்டாயம் இருக்கட்டும். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால், படகில் இருப்பவர் எஞ்சினை மறுபடி இயக்கி அவரை எடுக்க அதுதான் வழி. சம்மாட்டிமாரே, எஞ்சின் விலைக்கு முன்னால் இது ஒரு செலவா?

நம் கடலுக்குக் கயிறு புதிதல்ல. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டி இறங்கியவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவர் கையில் இருந்தது. அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பார்கள், தன் சகோதரி விதவையாக அவன் விடமாட்டான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று விடியற்காலையில் தனியாகக் கடலுக்குப் போகிறவருக்கு அந்த மச்சான் இந்தச் சிவப்புக் கயிறுதான்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இன்றைக்கே அந்த முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். வாப்பாமார் வீடு திரும்ப வேண்டும், நம் வகுப்பில் ஒரு பிள்ளையும் யத்தீமாக உட்காரக் கூடாது. அதுதான் நம் துஆ.